சின்னக்கண் வலை

கடந்த பெப்ரவரி மாதம் ஒரு காலையில், ஹட்டன் பஸ் நிலையத்தில் ஓர் இளைஞர் எனக்காகக் காத்திருந்தார். அதற்கு முன்னர் நாங்கள் சந்தித்ததில்லை. மின்னஞ்சலில் மட்டுமே அறிமுகம். தோட்டத்து லயமொன்றில் பிறந்து, புலமைப்பரிசில் பெற்று, இப்போது ஐரோப்பாவில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்பவர். அவருடைய முதல் மின்னஞ்சலுடன் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றின் படமும் வந்திருந்தது. "ஐயா, இதை எழுதியவர் தாங்கள்தானா?" என்று ஒரே ஒரு கேள்வி.

நான்தான். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அந்தச் செய்தியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். சொல்வதற்கு விருப்பமான விடயமன்று. ஆயினும் அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத இயலாது.

இளைஞரின் ஆய்வுப் பொருள், மலையக நீர்த்தேக்கங்களில் மீன்வளத்தை நிர்வகிப்பது எப்படி என்பது. கணினிக்குள் ஒரு சிறிய மீனவச் சமூகத்தைக் கட்டியெழுப்பி, அதனை வாழவிட்டுப் பார்ப்பது அவர் கைக்கொள்ளும் முறை. சமூக உருவகப்படுத்தல் என்று இதற்குப் பெயர். மலையகம் என்றால் தேயிலை, மீன் என்றால் கடல் என்றே பழகிவிட்ட நமக்கு இது விநோதமாகத் தோன்றும். கொழும்பில் என் பழைய சகாக்கள் இருவரிடம் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் இரண்டு ஆறுகள் மலையிலிருந்து இறங்கிக் களனி கங்கையாகின்றன. முதலாவதை மறித்து 1965-இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், இரண்டாவதை மறித்து அதே தசாப்தத்தின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கமும் உருவாயின. நோட்டன் பிரிட்ஜில் அவற்றுக்கும் முற்பட்ட ஒன்று உண்டு. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012-இல் இயங்கத் தொடங்கிற்று. இவை யாவும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலையின் தண்ணீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். பத்திரிகைக்காரர்கள் ஓடிப்போய்ப் படம் பிடிப்போம். நானும் பிடித்திருக்கிறேன். வற்றிய கரையில் வலையை விரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் என் படங்களில் இல்லை. அவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் படம் எடுத்தேன்.

மலையக நீரில் மீன் விட்ட முதல் ஆட்கள் வெள்ளைக்காரத் துரைமார். 1880-களில் பிரித்தானியாவிலிருந்து ட்ரவுட் மீனின் முட்டைகளைத் தருவித்து, குஞ்சு பொரிக்க வைத்து, நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் விட்டார்கள். அது தூண்டில் விளையாட்டுக்காக. தொழிலாளிக்கு மீன் என்றால் கருவாடுதான். சாதாரண மக்களின் சட்டிக்கு வந்த மீன் 1952-இல் ஆபிரிக்க இனமாகிய திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர் வந்தது. தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்கிறார்களே, அதுவேதான். வறண்ட வலயத்துக் குளங்களின் மீன்பிடி இதனால் தழைத்தது. 1990-இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திற்று. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்னும் சமயக் காரணம் அதற்குக் கூறப்பட்டது. 1994-இல் ஆதரவு மீண்டது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 'நக்டா' எனப்படும் அதிகாரசபை அமைந்தது. கெண்டை இனக் குஞ்சுகளையும் நன்னீர் இறாலையும் நீர்த்தேக்கங்களில் விடுவது இப்போது அதன் பணிகளில் ஒன்று.

சரி, இதற்குக் கணினி எதற்கு?

இந்தக் கேள்வியை நான் பஸ்ஸிலேயே கேட்டேன். இளைஞர் தம் பையிலிருந்து பத்து ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்து ஒரு புத்தகத்தின் மேல் பரப்பினார். அமெரிக்கப் பொருளியலாளர் தோமஸ் ஷெல்லிங் 1971-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் இரண்டு வகை நாணயங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரே ஒரு விதி: 'என் அயலாரில் மூன்றிலொரு பங்கினராவது என் வகையினராய் இருக்க வேண்டும், இல்லையேல் வேறிடம் போவேன்.' எந்த நாணயமும் மற்ற வகையை வெறுக்கவில்லை. கலந்து வாழ எல்லாவற்றுக்கும் சம்மதம். ஆயினும் சில சுற்றுகளுக்குள் பலகை இரண்டு முகாம்களாகப் பிரிந்துவிடும். பஸ் ஒரு வளைவில் திரும்ப நாணயங்கள் உருண்டோடின. இலங்கையருக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

தனித்தனி மனிதர் சிறு சிறு விதிப்படி நடக்க, மொத்தத்தில் யாரும் விரும்பாத ஒன்று விளைவதைக் கண்ணெதிரே ஓடவிட்டுப் பார்ப்பதுதான் இந்த முறையின் பயன். மீன்பிடிக்கு அது மிகவும் பொருந்தும். பிரான்சுவா பூஸ்கே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் 1994-இல் லியோனில் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. மாலி நாட்டின் நடுவே நைஜர் ஆறு கடலைக் காணாமலே பல கிளைகளாக விரிந்து, ஆண்டுதோறும் வெள்ளத்தில் மிதந்து வடிகிறது. போஸோ முதலிய மீனவ மக்கள் அந்த நீரின் ஏற்ற இறக்கத்தோடு இடம்பெயர்ந்து வாழ்பவர்கள். எந்த நீரில் யார், எப்போது, எந்தக் கருவியால் பிடிக்கலாம் என்பதற்கு அங்கே வழிவழியான உரிமைகளும், அவற்றைக் காக்கும் மூத்தோரும் உண்டு. பூஸ்கே மீனையும் நீரையும் மீனவரையும் கணினிக்குள் கொண்டுவந்தார். மீனவர் எல்லோரையும் இலாபம் தேடும் ஒரே அச்சில் வார்க்காமல், அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், நீரை அணுகுவதற்கு என்ன விதி என்பவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார். உயிரியலாளர் மீனை எண்ணினார்கள், மானிடவியலாளர் மனிதரைக் கேட்டார்கள்; இரண்டையும் ஒரே மேசையில் வைக்க இந்த வழி உதவிற்று.

இதெல்லாம் எனக்குப் புதிது. பஸ் தேயிலை மலைகளுக்கிடையே வளைந்து போய்க்கொண்டிருந்தது. கீழே நீர் பளிச்சிட்டது. எந்த நீர்த்தேக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் காரணம் என் செய்திதான். இனியும் அதைத் தள்ளிப்போட முடியாது.

2000-களின் தொடக்கத்தில் ஒரு நாள், அந்தக் கரைக்கு வேறொரு செய்திக்காகப் போனேன். நேரம் மிஞ்சியது. தோட்டத் தொழிலாளர் ஒருவர் லொறி டியூப்களைப் பிணைத்து மேலே மூங்கில் கட்டிய தெப்பத்தில் என்னை ஏற்றிக்கொண்டு நீருக்குள் போனார். வலை எங்கெங்கே கிடக்கிறது என்று காட்டினார். தங்கூசி வலை, சின்னக்கண். சட்டப்படி நீர்த்தேக்கங்களில் செவுள்வலையின் கண் 8.5 சென்டிமீற்றருக்குக் குறையக் கூடாது. அந்த வலைகளில் மூன்று விரல்தான் நுழைந்தது. கரைக்கு வந்ததும் அவருடைய மனைவி தேத்தண்ணியும் சீனித் துண்டும் தந்தார். அன்றிரவே எழுதினேன். மீன் குஞ்சுகளை அழிக்கும் சட்டவிரோத வலைகள் என்று தலைப்பு. எந்த மூலையில், எந்தத் தோட்டத்தின் கீழ் என்பதெல்லாம் துல்லியமாக இருந்தது. துல்லியத்துக்காக ஆசிரியர் பாராட்டினார். இரண்டு வாரங்களில் அதிகாரிகள் போனார்கள். வலைகளைக் குவித்துக் கரையிலேயே எரித்தார்கள். சிலர் மீது வழக்கு. எரிந்தவற்றுள் எனக்குத் தேத்தண்ணி தந்தவரின் வலையும் ஒன்று. அதையும் நான் தொடர்செய்தியாக எழுதினேன், வெற்றிச் செய்தியாக.

அந்த மனிதர் என்னைத் தெப்பத்தில் ஏற்றியது, மீன்பிடி அனுமதிக்கு விண்ணப்பித்தும் பதில் இல்லை என்பதை நான் எழுதுவேன் என்று நம்பித்தான். அதை அவர் சொன்னார். என் குறிப்புப் புத்தகத்தில் அது இருந்தது, செய்தியில் இல்லை.

ஏன் சின்னக்கண் வலை என்று நான் அன்று கேட்கவேயில்லை. பேராசை அல்லது அறியாமை என்றே எண்ணினேன். அன்று என்னிடம் அதைவிட வேறு மீனவர் இல்லை. மேய்ச்சல் நிலம் பொதுவானால் ஒவ்வொருவரும் தன் மாட்டைப் பெருக்கி நிலத்தை அழிப்பார் என்று காரட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரையை நான் வாசித்திருக்கவில்லை. ஆனால் அதன் மனிதன் என் தலைக்குள் இருந்தான். அதை மறுத்து 1990-இல் நூல் எழுதி, 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், நம் நாட்டுத் தென்கரையின் மாவெல்ல கிராமத்தை அந்நூலில் ஓர் உதாரணமாக எடுத்திருக்கிறார். போல் அலெக்சாண்டர் என்னும் மானிடவியலாளர் அங்கே தங்கி எழுதிய ஆய்வே அவருக்கு ஆதாரம். கரைவலைக்காரர் முறை வைத்துத் தொழில் செய்தார்கள். நல்ல துறையும் நல்ல நேரமும் ஒவ்வொரு வலைக்கும் வரிசைப்படி கிடைத்தன. அது திருத்தமான ஏற்பாடு. கெட்டது வேறிடத்தில். மீன் விலை ஏறியதும் புதிய வலைகள் வந்து சேர்ந்தன. சேரக் கூடாது என்ற விதி செல்வாக்குள்ளவர் முன்னே செயற்படவில்லை. வலைகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகின. ஒரு வலைக்கு முறை வருவதற்குள் காலம் போய்விடும். அங்கே மீனவருக்கு அறிவு இல்லாமல் இல்லை. விதியைக் காப்பாற்றும் பலம்தான் இல்லை.

கரையில் ஒரு சிறிய கோவில் மண்டபத்தில் ஐந்து பேர் எங்களுக்காகக் கூடியிருந்தார்கள். நால்வர் மீன் பிடிப்பவர்கள். ஐந்தாமவர் மீனை லயங்களுக்குக் கொண்டுபோய் விற்கும் ஒரு பெண்மணி. இளைஞர் கணினியைத் திறக்கவில்லை. பெரிய கடதாசி ஒன்றை விரித்து, நீர்த்தேக்கத்தை வரைந்து, அதன் மேல் பயறு மணிகளைக் கொட்டினார். பயறு என்றால் மீன். ஒரு சுற்று என்றால் ஒரு வாரம். ஆளுக்கு இரண்டு வகைச் சீட்டு: பெரியகண் வலை, சின்னக்கண் வலை. கணினியில் எழுதுவதற்கு முன்னர், அதே விதிகளை மனிதரிடம் விளையாட்டாகக் கொடுத்துப் பார்க்கும் வழி இது. பூட்டானில் லிங்முதேச்சு என்னும் பள்ளத்தாக்கில், மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் இருந்த நீர்ப்பாசனச் சண்டையை இப்படி விளையாட வைத்தே பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அவர் சொன்னார். அந்த வேலையிலும் பூஸ்கேயின் பங்கு உண்டு.

முதற் சுற்றிலேயே ஒருவர் சீட்டைத் தொடவில்லை.

"ஏன் அண்ணே, வலை போடலையா?"

"இந்த வாரம் கொழுந்து நல்லா வருது தம்பி. பொழுதுக்கும் மலையில நின்னா மேல்கிலோவுக்குக் காசு. ராத்திரி வலை போட்டுட்டு வெள்ளன பெரட்டுக்குப் போக ஏலுமா?"

இளைஞரின் விதியில் மீனவர் ஒவ்வொரு வாரமும் மீன் பிடிப்பார். அவர் அதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். கொழுந்து குறைந்து, அரைப்பேர் மட்டும் விழும் வரட்சி மாதங்களில்தான் இவர்களுக்கு வலை. அந்த மாதங்களில்தான் நீரும் வற்றும். வற்றிய நீரில் திலாப்பியா சிறியதாகவே இருக்கும்.

இரண்டாம் சுற்றில் நால்வருமே சின்னக்கண் சீட்டை எடுத்தார்கள். நான் குறுக்கிட்டேன். இருபது வருடம் பிந்தி அந்தக் கேள்வியைக் கேட்டேன். மூத்தவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியகண்ணுல நாலு நாளைக்கு ஒண்ணு படும் ஐயா, பெருசாப் படும். சின்னக்கண்ணுல தெனமும் நாலு குஞ்சு படும். கடைக்காரரு நாலு நாளைக்குப் பொறுக்க மாட்டாரு."

கணக்குப் பார்த்தால் பெரியகண் வலையில் மாதமுடிவில் வருமானம் கூட வரலாம். ஆனால் கடைக் கொப்பியில் கடன் நாள் கணக்கில் ஏறுகிறது. 2021-இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானபோது, அந்த ஆயிரத்தைக் கேட்டே ஐந்தாறு வருடங்கள் ஓடியிருந்தன. அடுத்த வருடமே நாட்டின் பொருளாதாரம் சரிந்து விலைவாசி அதை விழுங்கிற்று. இப்படிப்பட்டவருக்கு நிச்சயமான சிறிதே நிச்சயமற்ற பெரிதைவிட மேல். என் செய்தியில் பேராசை என்று இருந்தது, பார்க்கப்போனால் ஒருவகை எச்சரிக்கையுணர்வு. அதனால் மீன் வளம் குறையவில்லை என்று நான் வாதிட வரவில்லை. குறையும், குஞ்சை அள்ளினால் குறையாமல் என்ன செய்யும்? வலையை எரித்தால் மறுவாரம் கடனுக்கு இன்னொரு சின்னக்கண் வலை வரும் என்பதே என் கவலை. புதுக் கடனோடு.

நான்காம் சுற்று வந்தது. இளைஞர் கடதாசியில் நீரின் எல்லைக்கோட்டை அழித்து உள்ளே தள்ளி வரைந்தார். "இப்போது நீர்மட்டம் இறங்குகிறது. கரையோரம் ஆண் மீன் கிண்டிய கூடுகள் வெளியே வந்துவிட்டன. இத்தனை குஞ்சு போயிற்று" என்று சொல்லிப் பயறில் ஒரு பிடியை எடுத்துவிட்டார்.

அதுவரை பேசாதிருந்த அந்தப் பெண்மணி கேட்டார்: "இப்ப தண்ணியத் தொறந்தது யாரு?"

யாருமில்லை, அது வரட்சி என்றார் இளைஞர்.

"வரட்சி பாதி. மீதி டேர்பைனுக்குப் போறது. அந்த ஆளுக்குச் சீட்டு இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். இளைஞர் சிரிக்கவில்லை. அவருடைய கணினி மாதிரியில் நீர்மட்டம் மழையோடு சேர்த்து, இயற்கை என்னும் தலைப்பின் கீழ் இருந்தது. மீனவர் முடிவெடுப்பார்கள்; நீர் தானாக ஏறும், தானாக இறங்கும். நீர்மட்டம் ஏறி இறங்குவதற்கும் திலாப்பியாவின் பெருக்கத்துக்கும் தொடர்புண்டு என்பது இந்நாட்டு ஆய்வாளர்கள் பராக்கிரம சமுத்திரத்திலே எப்போதோ எழுதிவைத்த சங்கதி. அதை அவர் அறிவார். ஆனால் நீரைத் திறப்பதும் ஒருவர் எடுக்கும் முடிவு என்பதை அந்த அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீனைக் காக்கச் சொல்ல முடியாது. கட்டியதே மின்சாரத்துக்கு. ஆனால் குஞ்சு குறைந்ததற்கான பழியை யார் யாருக்குப் பங்கிடுகிறோம் என்பது, யாரை முடிவெடுப்பவராகவும் யாரை இயற்கையாகவும் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. நான் ஒரு பத்தி எழுதியபோது செய்ததையே அவர் கணினியில் செய்யவிருந்தார். அவருக்கு அதைச் சொல்லித்தர ஒரு மீன்காரி இருந்தார்.

மாலையில் திரும்பும்போது இளைஞர் இன்னொன்று சொன்னார். அவருடைய தகப்பனாரும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு இரவில் வலை போட்டவர். சின்னக்கண் வலைதான். ஆய்வில் வலைகள் கிடக்கும் இடங்களை வரைபடமாகக் கொடுத்தால் மாதிரி வலுவாகும். பேராசிரியரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். கொடுப்பதா என்று தெரியாமல்தான் பழைய பத்திரிகைகளில் இந்த நீர்த்தேக்கங்களைப் பற்றித் தேடினாராம். என் செய்தி கிடைத்தது. செய்திக்குப் பிறகு என்ன நடந்தது என்பது தொடர்செய்தியில் கிடைத்தது. என்னைக் கரைக்கு அழைத்தது உதவிக்கா, விசாரணைக்கா என்று நான் கேட்கவில்லை.

சென்ற மாதம் எழுதியிருந்தார். வரைபடத்தை விட்டுவிட்டார், நீர்த்தேக்கத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை, கற்பனை நீரொன்றில் மாதிரியை ஓடவிடுகிறார். நீர் திறப்பவருக்கு இப்போது ஒரு சீட்டு உண்டு. கடைக்காரருக்கும் உண்டு. எத்தனை நாள் கடன் பொறுப்பார் என்பதை ஒரு நாளிலிருந்து பத்து நாள் வரை மாற்றிப் பார்க்கிறாராம். நீர் திறப்பின் நாளாந்தக் கணக்குப் பெற வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பழைய பொறியியலாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அன்று கரையில் நான் அந்தத் தெப்பக்காரரைப் பற்றி விசாரித்தேன். வலை போன பிறகு இரண்டு வருடம் தோட்டத்தில் இருந்தாராம். பின்னர் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார், ஒரு கடையில் காவல் வேலை என்றார்கள். மூத்தவரிடம் மகனின் தொலைபேசி இலக்கம் இருந்தது. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். இன்னும் அழைக்கவில்லை.